நிலக்கரி மின்நிலையங்களும் உங்கள் உடல்நலமும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டியோ நெபுலைசரோ பயன்படுத்துபவருக்கு மின்சாரமும் ஒரு மருந்தே. அது நின்றால் சிகிச்சையும் நிற்கும். அந்த மின்சாரத்தின் பெரும்பங்கு நிலக்கரியை எரித்துப் பெறப்படுகிறது. எரிக்கும்போது வெளிவரும் நுண்துகள்களும் வாயுக்களும் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் தீங்கு விளைவிப்பவை. ஆகவே மூச்சு நோய் உள்ள ஒருவருக்கு நிலக்கரி மின்நிலையத்துடன் இருவகைத் தொடர்பு உண்டு: அது இயங்காவிட்டால் கருவி நிற்கும், இயங்கினால் காற்று மாசுபடும்.

இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கேள்விப்பட்டு அஞ்சுவதால் பயனில்லை. மின்சாரம் எங்கிருந்து வருகிறது, இரவில் ஏன் நிலக்கரியை நம்ப வேண்டியுள்ளது, அதிலிருந்து வெளிவருபவை உடலை எவ்வாறு தாக்குகின்றன, காற்று கெட்ட நாளிலும் மின்தடையின்போதும் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது. இங்குக் கூறப்படுபவை பொதுவான வழிகாட்டுதல்கள். உங்கள் மருத்துவர் உங்களுக்கெனத் தனியாகக் கூறியது வேறாக இருப்பின், அதையே பின்பற்றுங்கள்.

நிலக்கரியிலிருந்து மின்சாரம் வரும் வழி

நிலக்கரியை மாவுபோல் அரைத்துக் கொதிகலனில் எரிக்கிறார்கள். அவ்வெப்பத்தால் நீர் மிகுந்த அழுத்தமுள்ள நீராவியாகிறது. நீராவி சுழலியைச் சுழற்ற, அதனுடன் இணைந்த மின்னாக்கி மின்சாரத்தை உற்பத்தி செய்கிறது. வேலை முடிந்த நீராவியைக் குளிரவைத்து மீண்டும் நீராக்க ஏராளமான நீர் தேவை. இதனாலேயே இத்தகைய நிலையங்கள் கடற்கரையிலோ மேட்டூர் போன்ற பெரிய நீர்நிலையின் அருகிலோ அமைக்கப்படுகின்றன.

பழைய வகைக் கொதிகலன்களில் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சிய வெப்பம் குளிர்நீர் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் வெளியேறுகிறது. இந்திய நிலக்கரியைக் கொண்டு 1 யூனிட் மின்சாரம் உற்பத்தி செய்யச் சுமார் 0.7 கிலோ நிலக்கரி தேவைப்படுகிறது. இக்கணக்கின்படி 210 மெகாவாட் அலகு ஒன்று முழுத்திறனில் ஒரு நாள் இயங்க ஏறத்தாழ 3,500 டன் நிலக்கரி வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் கந்தகம் குறைவு. ஆனால் சாம்பல் மிகுதி. எடையில் 30 முதல் 45 விழுக்காடு வரை சாம்பலாக எஞ்சுவதுண்டு. அதாவது அந்த ஓர் அலகிலிருந்து மட்டும் நாள்தோறும் ஆயிரம் டன்னுக்கு மேல் சாம்பல் சேர்கிறது.

தமிழ்நாட்டின் நிலக்கரி மின்நிலையங்கள்

தமிழ்நாட்டின் கடலோரத்தில் நிலக்கரி மின்நிலையங்கள் இரு இடங்களில் திரண்டுள்ளன. முதலாவது, சென்னைக்கு வடக்கே எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் பகுதி. இங்கு 1970இல் இயங்கத் தொடங்கிய 450 மெகாவாட் திறனுள்ள எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச் இறுதியில் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200 மெகாவாட் திறனுடையவை. 800 மெகாவாட் அலகு கொண்ட மூன்றாம் நிலை 2024 மார்ச் மாதத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று உள்ளன.

இரண்டாவது, தூத்துக்குடி. அங்கு 210 மெகாவாட் அலகுகள் ஐந்தும் 500 மெகாவாட் அலகுகள் இரண்டும் அமைந்துள்ளன. உள்நாட்டில் மேட்டூரில் மொத்தம் 1,440 மெகாவாட் திறனுள்ள நிலையங்கள் இருக்கின்றன. நெய்வேலியில் எரிக்கப்படுவது பழுப்பு நிலக்கரி. ஈரம் மிகுந்த இந்த நிலக்கரியைத் தொலைவுக்குக் கொண்டுசெல்வது கட்டுபடியாகாது என்பதால், சுரங்கத்தின் அருகிலேயே மின்நிலையங்கள் அமைக்கப்பட்டன. அங்கு மின் உற்பத்தி 1962இல் தொடங்கியது.

நெய்வேலியைத் தவிர மற்ற இடங்களுக்கு நிலக்கரி தொலைவிலிருந்து வருகிறது. ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து தொடர்வண்டியில் பாராதீப் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலில் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கும் தூத்துக்குடிக்கும் வந்து சேர்கிறது. வெளிநாட்டு நிலக்கரியும் இறக்குமதி செய்யப்படுகிறது. இவ்வளவு நீண்ட பயணத்தில் ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் கரித்தூசி பறக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியைக் கையாள்வது 2011இல் நீதிமன்ற ஆணையின்படி நிறுத்தப்பட்டதற்கு, சுற்றுப்புற மக்களைப் பாதித்த இத்தூசியே காரணம்.

இரவின் மின்சாரம்

மின்சாரத்தைப் பெருமளவில் சேமித்து வைக்கும் வசதி இன்னும் போதுமான அளவுக்கு வளரவில்லை. எனவே ஒவ்வொரு நொடியும் எவ்வளவு தேவைப்படுகிறதோ அவ்வளவையும் அந்நொடியிலேயே உற்பத்தி செய்ய வேண்டும். இச்சமநிலை குலைந்தால் மின்தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து விலகும். மிகவும் விலகினால், முழுத் தொகுப்பையும் காப்பதற்காகச் சில பகுதிகளின் இணைப்பு தானாகவே துண்டிக்கப்படும். 2012 ஜூலை 30, 31 ஆகிய நாள்களில் வட, கிழக்கு மாநிலங்களில் கோடிக்கணக்கான மக்கள் மின்சாரமின்றித் தவித்தது இத்தகைய குலைவினால்தான். அப்போது தென்மாநிலத் தொகுப்பு தனித்து இயங்கியதால் நாம் தப்பினோம். 2013 டிசம்பர் 31 அன்று தென்தொகுப்பும் தேசியத் தொகுப்புடன் இணைக்கப்பட்டது. அதன் பின்னர், பற்றாக்குறையின்போது பிற மாநிலங்களிலிருந்து மின்சாரம் பெறுவது எளிதாயிற்று.

தமிழ்நாட்டில் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல். ஆயினும் ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியிலும் காற்று வலுத்து வீசுவது மே முதல் செப்டம்பர் வரைதான். சூரிய மின்சாரம் மாலையில் மறைந்துவிடும். அணைகளின் நீர் மழையைப் பொறுத்தது. கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்கள் சீராக மின்சாரம் தந்தாலும் அவற்றின் அளவு வரம்புக்குட்பட்டது. 2024 மே மாதத் தொடக்கத்தில் மாநிலத்தின் உச்ச மின்தேவை 20,800 மெகாவாட்டைக் கடந்தது. இத்தகைய கோடை நாள்களில் வீடுகளில் மின்விசிறியும் குளிர்சாதனமும் விடிய விடிய ஓடும். கதிரவன் மறைந்தபின் அந்தச் சுமையைத் தாங்குவதில் முதன்மைப் பங்கு நிலக்கரி நிலையங்களுடையது.

இந்நிலையங்களை நினைத்தவுடன் நிறுத்தி நினைத்தவுடன் இயக்க முடியாது. முற்றிலும் குளிர்ந்த கொதிகலனை மீண்டும் முழுத்திறனுக்குக் கொண்டுவரப் பல மணி நேரமாகும். உற்பத்தியையும் முழுத்திறனில் பாதிக்குச் சற்று மேலான அளவுக்குக் கீழே எளிதில் குறைக்க இயலாது. ஆகவே பகலில் சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும்போதும் மாலைத் தேவைக்காக இவை ஓரளவு எரிந்துகொண்டே இருக்கின்றன. 500 அல்லது 600 மெகாவாட் அலகு ஒன்று பழுதாகித் திடீரென நின்றால், அந்த இடைவெளியைப் பிற நிலையங்கள் உடனே நிரப்ப வேண்டும். அது இயலாத வேளையில் மின்தடை உங்கள் வீடு வரை எட்டும்.

ஓர் ஆக்சிஜன் செறிவூட்டியின் கணக்கு

5 லிட்டர் செறிவூட்டி ஒன்று சுமார் 350 வாட் மின்சாரம் எடுக்கும். நீண்டகால ஆக்சிஜன் சிகிச்சையில் உள்ளவர் நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் அதைப் பயன்படுத்த வேண்டும். இதற்கு ஏறத்தாழ 5 யூனிட் மின்சாரம் செலவாகிறது. அது முழுவதும் நிலக்கரியிலிருந்து வருவதாகக் கொண்டால், கம்பிகளில் ஏற்படும் இழப்பைச் சேர்க்காமலேயே, நாள்தோறும் சுமார் 3.5 கிலோ நிலக்கரி எரிய வேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் சாம்பல் எஞ்சும்.

இதை அறிந்ததும் கருவியின் பயன்பாட்டைக் குறைக்க எண்ணாதீர்கள். புறநோயாளிப் பிரிவுக்கு வரும் சிலர், மின்கட்டணத்தை எண்ணிச் செறிவூட்டியை இரவில் சில மணி நேரம் நிறுத்தி வைப்பதாகக் கூறுகின்றனர். ஆக்சிஜன் குறைந்தால் இதயத்தின் வலப்பக்கத்துக்குச் சுமை கூடும்; உறக்கமும் நினைவும் பாதிக்கப்படும். மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த வீட்டில் வேறு இடங்கள் உள்ளன. பரிந்துரைக்கப்பட்ட ஆக்சிஜன் அவற்றில் ஒன்றன்று.

புகைபோக்கியிலிருந்து வெளிவருபவை

நுண்துகள்கள்: சாம்பலின் பெரும்பகுதி புகையுடன் மேலெழும் பறக்கும் சாம்பலாகும். மின்புலத்தைக் கொண்டு துகள்களை ஈர்த்துப் பிடிக்கும் கருவிகள், சரியாகப் பராமரிக்கப்பட்டால், இதில் 99 விழுக்காட்டுக்கு மேல் பிரித்துவிடும். தப்பிச் செல்பவற்றில் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களே நமக்குக் கவலை தருபவை. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள இத்துகள்களை மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் முழுமையாகத் தடுக்க இயலாது. இவை காற்று நுண்ணறைகள் வரை செல்கின்றன. மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன.

கந்தக டை ஆக்சைடு: நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து உண்டாகும் இவ்வாயு, ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களிலேயே சுருங்கச் செய்யும். காற்றில் பயணிக்கும்போது இதுவே சல்ஃபேட் நுண்துகள்களாக மாறும். எனவே மின்நிலையத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் வாழ்வோரும் இதன் பாதிப்புக்கு உள்ளாகின்றனர்.

நைட்ரஜன் ஆக்சைடுகள்: இவை மூச்சுக்குழாய் அழற்சியைத் தூண்டும், வெயிலில் ஓசோன் உருவாகவும் துணைபுரியும்.

பாதரசம்: நிலக்கரியில் மிகச் சிறிதளவே இருந்தாலும், எரிக்கப்படும் நிலக்கரியின் அளவு பெரிதாகையால் இதுவும் பொருட்படுத்தத்தக்கது. நீர்நிலைகளில் படிந்து நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி மீன்களில் சேர்கிறது. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு இது தீங்கானது.

கரியமில வாயு: இது நேரடியாக நோய் தருவதன்று, புவி வெப்பமாவதற்கு முதன்மைக் காரணம். கோடையின் கடுமை கூடக் கூட, முதியோரும் இதய நோயாளிகளும் சிறுநீரக நோயாளிகளுமே முதலில் பாதிக்கப்படுகின்றனர்.

இவ்வெளியீடுகளுக்கு மத்திய அரசு 2015 டிசம்பரில் புதிய வரம்புகளை விதித்தது. நிலையம் அமைக்கப்பட்ட காலத்தைப் பொறுத்து, ஒரு கன மீட்டர் புகையில் துகள்களின் அளவு 100, 50 அல்லது 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். கந்தக டை ஆக்சைடுக்கான விதி 2025 ஜூலையில் திருத்தப்பட்டது. நிலையம் அமைந்துள்ள இடத்தைப் பொறுத்துத் தேவைகள் வகைப்படுத்தப்பட்டன.

அருகில் வாழ்வோரும் தொலைவில் வாழ்வோரும்

500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுகளுக்குப் புகைபோக்கி 275 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது விதி. இவ்வளவு உயரத்திலிருந்து வெளியேறும் புகை, அடிவாரத்தில் இறங்காமல் தொலைதூரம் பரவுகிறது. ஆகவே, "புகைபோக்கி கண்ணுக்குத் தெரியவில்லை, எனக்குப் பாதிப்பில்லை" என்று கருத இயலாது.

அருகில் வாழ்வோரின் சிக்கல் பெரும்பாலும் தரைமட்டத்தில் எழுவது. நிலக்கரிக் குவியலிலிருந்தும் சுமையுந்துகளிலிருந்தும் பறக்கும் கரித்தூசி, உலர்ந்த சாம்பல் குளத்திலிருந்து காற்றில் எழும் சாம்பல், சாம்பல் கலந்த நீரைக் கொண்டுசெல்லும் குழாய்களின் கசிவு ஆகியவை அவற்றில் முதன்மையானவை. எண்ணூர்க் கழிமுகத்திலும் கொசஸ்தலை ஆற்றிலும் சாம்பல் படிந்தது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற பொதுப் பிரச்சினை. உங்கள் பகுதியில் சாம்பல் பறப்பதையோ குழாய் கசிவதையோ கண்டால், தேதியைக் குறித்துப் படத்துடன் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடலாம்.

காற்று மாசுக்கு மின்நிலையங்கள் மட்டுமே காரணம் அல்ல. வாகனப் புகை, பிற தொழிற்சாலைகள், கட்டுமானத் தூசி, குப்பை எரிப்பு ஆகியனவும் காரணங்களே. வீட்டினுள் எழும் விறகுப் புகையும், புகையிலைப் புகையும், கொசுவத்திச் சுருளின் புகையும் உங்கள் மூச்சுக்கு மிக அருகில் இருப்பவை. அவற்றை நிறுத்துவது உங்கள் கையிலேயே உள்ளது.

உடலில் நிகழ்வது என்ன?

நுண்துகள்கள் நுரையீரலில் அழற்சியை உண்டாக்குகின்றன. அதன் விளைவு நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தக்குழாய்களின் உட்சுவர் பாதிக்கப்படுவதாலும் இரத்தம் உறையும் தன்மை கூடுவதாலும் மாரடைப்பும் பக்கவாதமும் ஏற்படும் வாய்ப்பு உயர்கிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2013இல் வெளிப்புறக் காற்று மாசைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. கருவுற்றிருக்கும்போது மாசடைந்த காற்றைச் சுவாசிப்பது, எடை குறைந்த குழந்தைப் பிறப்புடனும் குறைமாதப் பிறப்புடனும் தொடர்புடையது.

நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என உலக சுகாதார அமைப்பு 2021இல் பரிந்துரைத்தது. இந்தியத் தர வரம்பு 40 மைக்ரோகிராம். வரம்புக்குள் இருக்கும் காற்றும் நோயாளிகளுக்கு முற்றிலும் தீங்கற்றது என்று பொருளன்று.

கூடுதல் கவனம் தேவைப்படுவோர்:

• ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், காசநோய்க்குப் பின் ஏற்பட்ட நுரையீரல் சேதம் உள்ளோர்
• மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம் ஏற்பட்டோர்
• நீரிழிவு நோயாளிகள், முதியோர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள்
• நிலக்கரியையோ சாம்பலையோ கையாளும் தொழிலாளர்கள்

காற்று கெட்ட நாளில் செய்ய வேண்டியவை

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் மணலி உள்ளிட்ட கண்காணிப்பு நிலையங்களின் காற்றுத் தரக் குறியீட்டைக் காணலாம். 0 முதல் 50 வரை நன்று. 51 முதல் 100 வரை ஏற்கத்தக்கது. 101 முதல் 200 வரை மிதமான மாசு. மிதமான மாசு எனப்பட்டாலும், நுரையீரல் நோயும் இதய நோயும் உள்ளோர்க்கு இந்நிலையிலேயே மூச்சுத் தொல்லை தோன்றலாம். 200ஐக் கடந்தால் நோயாளிகள் வெளியிடங்களில் கடும் வேலையும் நடைப்பயிற்சியும் தவிர்க்க வேண்டும்.

1. மார்கழி, தை மாதங்களில் அதிகாலைக் காற்று தரையோடு தேங்கி நிற்கும். தூசியும் புகையும் மேலெழுவதில்லை. பனிமூட்டம் விலகி வெயில் ஏறிய பின்னர் நடைப்பயிற்சி செய்யுங்கள்.

2. தடுப்பு இன்ஹேலரை, நலமாக இருக்கும் நாள்களிலும் விடாமல் பயன்படுத்துங்கள். நிவாரண இன்ஹேலர் எப்போதும் கையெட்டும் தொலைவில் இருக்கட்டும்.

3. வீட்டைக் கூட்டுவதற்கு மாறாக ஈரத்துணியால் துடையுங்கள். குடிநீரையும் உணவையும் மூடி வையுங்கள். சாம்பல் படியும் பகுதிகளில் கீரை, காய்கறிகளை நன்கு கழுவுங்கள்.

4. துணி முகக்கவசம் நுண்துகள்களைத் தடுக்காது. முகத்தில் இறுகப் பொருந்தும் என்-95 முகக்கவசம் துகள்களைத் தடுக்கும், வாயுக்களைத் தடுக்காது. கடும் மூச்சுத்திணறல் உள்ளோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே அதை அணிய வேண்டும்.

5. சி.ஓ.பி.டி. நோயாளிகள் ஃபுளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். நுரையீரல் தொற்று சேர்ந்துகொண்டால் மாசின் விளைவு மேலும் கடுமையாகும்.

மின்தடைக்கு முன்னேற்பாடு

மின்தடை ஏற்பட்ட பின்னர் சிந்திப்பது கடினம். இன்றே குடும்பத்தினருடன் அமர்ந்து திட்டமிடுங்கள்.

1. செறிவூட்டி பயன்படுத்துவோர்: மாற்றாக ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் வீட்டில் இருக்க வேண்டும். 1,500 லிட்டர் ஆக்சிஜன் கொண்ட பி-வகைச் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஏறத்தாழ 12 மணி நேரம் வரும். வால்வைத் திறக்கவும் அளவியைப் பொருத்தவும் வீட்டில் குறைந்தது இருவருக்காவது தெரிந்திருக்கட்டும். சிலிண்டர் அருகே விளக்கு, ஊதுவத்தி, அடுப்பு, புகைபிடித்தல் எதுவும் கூடாது.

2. இன்வெர்ட்டர் வைத்திருப்போர்: புதிய 150 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்று, செறிவூட்டியை மட்டும் இயக்கினால் ஏறத்தாழ 3 மணி நேரம் தாங்கும். மின்கலம் பழையதாக ஆக, இந்நேரம் குறையும். பகல் வேளையில், நோயாளிக்குச் சிலிண்டர் மூலம் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே, செறிவூட்டியை இன்வெர்ட்டரில் ஓடவிட்டு உண்மையான நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. நெபுலைசர் பயன்படுத்துவோர்: ஸ்பேசருடன் கூடிய இன்ஹேலருக்கு மின்சாரம் தேவையில்லை, முறையாகப் பயன்படுத்தினால் பெரும்பாலானோர்க்கு இணையான பயன் தரும். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது அதைப் பயன்படுத்தும் முறையைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

4. இன்சுலின் பயன்படுத்துவோர்: சில மணி நேர மின்தடையால் இன்சுலின் கெடுவதில்லை, குளிர்பதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்திருங்கள். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் குப்பி, 30 டிகிரிக்கு மிகாத வெப்பத்தில் பொதுவாக நான்கு வாரம் வரை பயன்படும். உறையில் உள்ள குறிப்பைப் பாருங்கள். மின்தடை நீண்டால், நெகிழிப் பையில் இட்டு, ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் வைக்கலாம். பனிக்கட்டியின் மேல் நேரடியாக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது.

5. வீட்டில் இயந்திரத்தின் வழி வயிற்று டயாலிசிஸ் செய்வோர்: கையால் திரவம் மாற்றும் முறையைச் செவிலியரிடம் முன்கூட்டியே கற்றுக்கொள்ளுங்கள்.

6. ஜெனரேட்டரை வீட்டினுள்ளோ, மூடிய தாழ்வாரத்திலோ, சன்னலுக்கு அருகிலோ இயக்கக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. உறங்குபவரின் உயிரைப் பறிக்கக்கூடியது.

பராமரிப்புப் பணிக்கான மின்தடை முன்னதாகவே அறிவிக்கப்படுகிறது. அன்று சிலிண்டரும் மின்கலமும் நிறைந்துள்ளனவா என்று முந்தைய நாளே பாருங்கள். ஆக்சிஜன் கருவியில் வாழும் நோயாளி வீட்டில் இருப்பதை உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து வையுங்கள். இது தடையற்ற மின்சாரத்துக்கு உத்தரவாதம் ஆகாது. எனினும் பழுது நீக்கும்போது நிலைமையை எடுத்துரைக்க உதவும். மின்தடைப் புகார்களுக்கு மின்னகம் எண்: 94987 94987.

உடனே 108ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

• ஒரு முழு வாக்கியத்தைப் பேசி முடிக்க இயலாத மூச்சுத்திணறல்
• உதடு, நகம் நீலமாதல்
• குழப்பம், வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம்
• நெஞ்சுவலி, முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல்
• விரல் நுனிக் கருவியில் ஆக்சிஜன் அளவு, மருத்துவர் குறித்துத் தந்த எல்லைக்குக் கீழே சென்று, ஆக்சிஜன் கொடுத்தும் உயராதிருத்தல்

ஆம்புலன்ஸ் வரும்வரை நோயாளியைப் படுக்க வைக்காமல், நிமிர்ந்து உட்கார வையுங்கள். சி.ஓ.பி.டி. நோயாளிக்கு ஆக்சிஜன் ஓட்டத்தை நீங்களாகப் பெருமளவு உயர்த்தாதீர்கள். அவர்களுள் பலருக்கு 88 முதல் 92 விழுக்காடே இலக்கு. மிகுதியான ஆக்சிஜன் உடலில் கரியமில வாயுவைத் தேக்கி மயக்கத்தில் ஆழ்த்தக்கூடும்.

அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள்

மின்நிலையத்தின் அருகே வசிக்கிறோம். வீட்டை மாற்ற வேண்டுமா?

எல்லோர்க்கும் அது இயல்வதன்று. எல்லோர்க்கும் தேவையும் அன்று. முதலில் நோய் கட்டுக்குள் உள்ளதா என்று பாருங்கள். முறையான மருந்துக்குப் பின்னரும், அப்பகுதியில் இருக்கும்போது மட்டும் மூச்சுத் தொல்லை திரும்பத் திரும்ப வருமானால், நாள்வாரியாகக் குறிப்பெழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். நோயாளி சில மாதங்கள் உறவினர் வீட்டில் தங்கிப் பார்ப்பதும் பயன் தரலாம்.

விறகடுப்பை விட்டு மின்னடுப்புக்கு மாறினால், அதுவும் நிலக்கரிப் புகைதானே?

உங்கள் நுரையீரலைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல. விறகுப் புகை எந்த வடிகட்டலும் இன்றி, முகத்துக்கு ஓரடித் தொலைவில், மூடிய அறையில் எழுகிறது. எரிவாயு அல்லது மின்னடுப்புக்கு மாறுவது சமைப்பவருக்கும் உடனிருக்கும் குழந்தைக்கும் உறுதியாக நன்மையே.

கருவுற்றவர்கள் மீன் உண்ணலாமா?

உண்ணலாம், புரதமும் ஒமேகா கொழுப்பும் குழந்தைக்குத் தேவை. நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களில் பாதரசம் குறைவு. சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களைத் தவிருங்கள். சாம்பலும் கழிவுநீரும் கலக்கும் கழிமுகத்தில் பிடித்த மீனையும் நண்டையும் அக்காலத்தில் தவிர்ப்பது நல்லது.

நிலக்கரி கையாளும் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றினேன். மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டுகள், முகக்கவசம் அணிந்தீர்களா என்பவற்றைக் கூறுங்கள். தூசியால் வரும் நுரையீரல் நோய், பணி ஓய்வுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். மார்பு ஊடுகதிர்ப் படமும் நுரையீரல் செயல்திறன் சோதனையும் தேவைப்படலாம். ஒப்பந்தத் தொழிலாளர்களும் இதை மறைக்க வேண்டியதில்லை.

காற்றாலையும் சூரிய மின்சாரமும் அவற்றைச் சேமிக்கும் மின்கலங்களும் பெருகப் பெருக, இரவுக்காக எரிக்கப்படும் நிலக்கரி குறையும். அதற்கு ஆண்டுகள் ஆகும். உங்கள் சிகிச்சை அதுவரை காத்திருக்க இயலாது. மாற்றுச் சிலிண்டர் நிறைந்துள்ளதா, நிவாரண இன்ஹேலரின் காலாவதித் தேதி எது, 108ஐ அழைக்கும்போது வீட்டுக்கு வழி சொல்லும் அடையாளம் எது என்ற மூன்று வினாக்களுக்கும் இன்றிரவு விளக்கணைக்கும் முன் விடை கண்டு, ஒரு தாளில் எழுதிக் கருவியின் அருகே ஒட்டி வையுங்கள். ஐயம் இருப்பின், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ 104 மருத்துவ உதவி எண்ணையோ அணுகலாம்.